ப்ரொபேஷன் முடியும் வாரத்தில் வேலை போனால்: மூன்று கவுன்டர்கள், ஒரு மதிப்பீடு

ப்ரொபேஷன் (தகுதிகாண் பருவம்) முடிய நாலு நாள் இருக்கும்போது எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போக மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41ஆம் பிரிவின்கீழ் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரி. இரண்டாவது, அதே துறையின் சமரச அலுவலர். மூன்றாவது, சிவில் கோர்ட். சேவை என்ற அளவில் மூன்றையும் எடைபோட்டால் முதலாவதுதான் தரத்தில் மேலே நிற்கிறது. ஆனால் அந்தக் கவுன்டர் 30 நாள்தான் திறந்திருக்கும். பெரும்பாலானோர் அந்த 30 நாளையும் "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று எச்.ஆருக்கு மெயில் அனுப்பியே கழித்துவிடுகிறார்கள்.

முதலில் 41ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். முறையாக விசாரணை நடத்தி, அதில் பதிவான சாட்சியத்தின் பேரில் ஒழுங்கீனம் என்று நீக்கினால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். அதிகாரியின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அவ்வளவுதான் பிரிவு.

இதில் எது இல்லை என்பதுதான் முக்கியம். "ப்ரொபேஷன்" என்ற சொல் இல்லை. "நிரந்தரம்" இல்லை. "கன்பர்மேஷன்" இல்லை. "நீங்கள் இன்னும் கன்பர்ம் ஆகவில்லை, உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது" என்று நிர்வாகம் சொல்வதற்கு இந்தப் பிரிவில் ஒரு எழுத்துகூட ஆதாரம் கிடையாது. ஆறு மாதம் தாண்டினாரா, இல்லையா என்பதுதான் கேள்வி. சம்பள வரம்பும் இல்லை. மாதம் 15,000 வாங்கும் கடைச் சிப்பந்தியும் ஒன்றரை லட்சம் வாங்கும் மென்பொருள் ஊழியரும் ஒரே வரிசையில் நிற்கலாம். கடை, உணவகம், தங்கும் விடுதி, திரையரங்கு, காப்பீட்டு நிறுவனம், கம்பெனிகளின் அலுவலகங்கள் எல்லாம் இந்தச் சட்டத்தின் "நிறுவனம்" என்ற வரையறைக்குள் வருகின்றன.

தேதிக் கணக்கில்தான் பாதி வழக்கு இருக்கிறது. ஜூன் 3 அன்று சேர்ந்தவருக்கு டிசம்பர் 2 அன்று ஆறு மாதம் முடிகிறது. நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவு இரண்டு விதமாக வரலாம். "இன்றோடு உங்கள் பணி முடிகிறது, ஒரு மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும்" என்றால் ஆறு மாதம் நிறையவில்லை. 41ஆம் பிரிவு கைகொடுக்காது. "இன்றிலிருந்து ஒரு மாத நோட்டீஸ், டிசம்பர் 27 உங்கள் கடைசி வேலைநாள்" என்றால், பணி முடியும் நாளில் ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று வாதிட இடம் உண்டு. ஆறு மாத ப்ரொபேஷன் போடும் நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையும் முன்பே கத்தரிக்கோலை எடுப்பது தற்செயல் அல்ல. சேர்ந்த தேதி எது என்பதிலும் தகராறு வரும். ஆஃபர் லெட்டரில் ஒரு தேதி, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வேறு தேதி, பயிற்சி என்ற பெயரில் முதல் மூன்று வாரம் கணக்கிலேயே வராமல் இருப்பது எல்லாம் நடக்கிற கதைதான். பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரி, இ.எஸ்.ஐ. பதிவுத் தேதி, முதல் மாதச் சம்பளச் சீட்டில் எத்தனை நாள் சம்பளம் போட்டிருக்கிறது என்ற மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உண்மையான தேதி தெரிந்துவிடும்.

அடுத்தது, கையில் கொடுத்த கடிதத்தின் வாசகம். இதைச் சொல்சொல்லாகப் படிக்க வேண்டும். "தகுதிகாண் பருவத்தில் தங்கள் பணி எதிர்பார்த்த அளவில் திருப்திகரமாக இல்லை" என்று மட்டும் இருந்தால் அது களங்கம் கற்பிப்பது ஆகாது என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்ன நிலை. 2001-இல் வந்த பவனேந்திர நாராயண் வர்மா தீர்ப்பில் இது தெளிவாக இருக்கிறது. "வாடிக்கையாளர் பதிவுகளைத் திருத்தியது எங்கள் உள்விசாரணையில் தெரியவந்ததால்" என்று இருந்தால் விஷயமே வேறு. அது ஒழுங்கீனக் குற்றச்சாட்டு. குற்றப்பத்திரிகை கொடுத்தார்களா, விளக்கம் கேட்டார்களா, விசாரணை நடந்ததா என்ற கேள்விகள் உடனே எழும். கடிதத்தில் நேரடியாக எழுதாமல் "2ஆம் தேதி மெயிலில் குறிப்பிட்ட காரணங்களுக்காக" என்று சுற்றி வளைத்திருந்தாலும், அந்த மெயிலில் களங்கம் இருந்தால் கடிதத்திலும் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது 1999-இன் தீப்தி பிரகாஷ் பானர்ஜி தீர்ப்பு. குற்றச்சாட்டு வெறும் தூண்டுதலா, நீக்கத்தின் அடித்தளமே அதுவா என்று பிரித்துப் பார்க்கும் முறையை விளக்குவதும் அதே தீர்ப்புதான். இவை அரசுப் பணியிலும் அரசு சார்ந்த அமைப்புகளிலும் எழுந்த வழக்குகள். ஆனாலும் தனியார் ஊழியர் விஷயத்திலும் வக்கீல்கள் எடுத்து வைப்பது இவற்றைத்தான்.

ஒழுங்கீனம் இல்லை, வேலை திருப்தி இல்லை என்ற காரணம்தான் என்றாலும் 41ஆம் பிரிவில் கதை முடிந்துவிடுவதில்லை. "நியாயமான காரணம்" இருந்ததாக நிர்வாகம்தான் காட்ட வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு மதிப்பீடாவது நடந்ததா? இலக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டதா? குறை சுட்டிக்காட்டப்பட்டதா? நாலாவது மாதம் "நல்ல வேலை" என்று மேலாளர் மெயில் போட்டு, ஆறாவது மாதம் "திருப்தி இல்லை" என்றால் அந்த முதல் மெயிலுக்கு எடை அதிகம்.

மேல்முறையீட்டு மனு எழுதுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் சில இடங்களில் சறுக்குகிறார்கள். எதிர்மனுதாரர் பெயரில் கடைப் பலகையில் இருக்கும் பிராண்டு பெயரைப் போடுவது முதல் தவறு. சம்பளச் சீட்டிலும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலும் உள்ள சட்டபூர்வப் பெயரைத்தான் போட வேண்டும். சம்பளம் ஒரு ஏஜென்சி மூலம் வந்திருந்தால் ஏஜென்சியையும் வேலை வாங்கிய நிறுவனத்தையும் சேர்த்துப் போடுவது பாதுகாப்பு. மனுவில் சேர்ந்த தேதி, பதவி, உண்மையில் செய்த வேலை, கடைசியாக வாங்கிய சம்பளம், உத்தரவின் தேதி, அது கைக்கு வந்த தேதி, ஏன் நியாயமான காரணம் இல்லை என்பது, என்ன பரிகாரம் வேண்டும் என்பது எல்லாம் எண்ணிட்ட பத்திகளாக இருக்கட்டும். பரிகாரப் பத்தியில் உத்தரவை ரத்து செய்வதோடு, பணித்தொடர்ச்சியும் வேலை இல்லாமல் இருந்த காலத்துச் சம்பளமும் கேட்க மறக்கக் கூடாது. அதிகாரிக்கு ஒன்று, ஒவ்வொரு எதிர்மனுதாரருக்கும் ஒன்று, அலுவலக முத்திரையோடு திரும்ப வாங்கிக்கொள்ள உங்களுக்கு ஒன்று என்று பிரதிகள் வேண்டும்.

30 நாள் எப்போது தொடங்குகிறது? உத்தரவு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து. நேரில் கொடுக்க முடியாவிட்டால் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாலே போதும். சாதாரணமாகத் தபால் வந்து சேர வேண்டிய நாளில் சேர்ந்ததாகவே விதி எடுத்துக்கொள்ளும். ஆகவே தபால்காரரைத் திருப்பி அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. எதிர்த்தரப்புக்குத்தான் அது லாபம். காலம் கடந்துவிட்டால், தாமதத்துக்குப் போதுமான காரணம் காட்டி ஏற்கச் சொல்லலாம். அதற்குத் தனி மனு, காரணத்துக்கு ஆதாரம், எத்தனை நாள் தாமதம் என்ற சரியான எண் வேண்டும். "எச்.ஆர். பதிலுக்காகக் காத்திருந்தேன்" என்பது பலவீனமான காரணம். மருத்துவச் சான்று உள்ள உடல்நலக் குறைவு பரவாயில்லை.

இந்தக் கவுன்டரின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். 4ஆம் பிரிவு சிலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது: நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள், பயணம் செய்வதே வேலையாக உள்ளவர்கள், ஆர்டர் பிடிக்கும் முகவர்கள், பராமரிப்பாளர்கள் (கேர்டேக்கர்), அரசு அலுவலகங்களில் இருப்பவர்கள். மருந்து விற்பனைப் பிரதிநிதி ஆறு மாதம் அல்ல, ஆறு வருஷம் வேலை பார்த்திருந்தாலும் இந்த வழி அவருக்கு இல்லை. "நிர்வாகப் பொறுப்பு" என்பதில்தான் நிர்வாகங்கள் விளையாடும். இப்போது யாரைப் பார்த்தாலும் ஏதோ ஒரு "மேனேஜர்" பட்டம் இருக்கிறது. பட்டத்தை வைத்து முடிவு வராது. யாருக்கு விடுப்பு அனுமதித்தீர்கள், எவ்வளவு தொகைவரை கையெழுத்திட அதிகாரம் இருந்தது, ஆளை எடுக்கவோ நீக்கவோ முடிந்ததா என்பதை வைத்துத்தான் வரும். ஒருவருக்குக்கூட விடுப்பு அனுமதிக்க முடியாத "அசிஸ்டென்ட் மேனேஜர்" தன் பொறுப்புப் பட்டியலை முதல் வாய்தாவிலேயே தாக்கல் செய்துவிடுவது நல்லது.

இன்னொரு குறை, ஜெயித்த பிறகு வருவது. முடிவு கட்டுப்படுத்தும் என்று சொல்லும் 41ஆம் பிரிவு, சம்பளப் பாக்கியை எப்படி வசூலிப்பது என்று சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஓட வேண்டும். முடிவு இறுதியானது என்பதால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆனால் தோற்ற நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், போடுகிறார்கள். அந்த நாள்களையும் கணக்கில் வைத்துத்தான் இறங்க வேண்டும்.

சமரச அலுவலர்: மெதுவான, ஆனால் அகலமான கதவு

ஆறு மாதம் நிறையாதவர்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் உருப்படியான ஒரே கவுன்டர் இதுதான். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020 வந்துவிட்டது. பழைய சட்டத்தில் தனிநபர் நீக்கத் தகராறை எழுப்ப மூன்று வருஷம் இருந்தது. இப்போது தகராறு எழுந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு சமரச அலுவலர் கையில் எடுக்க முடியாது. இணையத்தில் இன்னும் மூன்று வருஷம் என்றே பல இடங்களில் கிடக்கிறது, ஜாக்கிரதை. சமரசம் 45 நாளுக்குள் முடிந்து அறிக்கை வர வேண்டும். ஒத்துவரவில்லை என்றால், அந்த அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்கு நேரடியாகப் போகலாம்.

யார் "தொழிலாளர்" என்பது இங்கே கேள்வி. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை எல்லாம் சம்பளம் எவ்வளவு என்றாலும் உள்ளே. மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் வெளியே. நிர்வாகப் பணியாளரும் வெளியே. கோட் எழுதுகிற பொறியாளர், சம்பளம் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காகத் தொழிலாளர் இல்லாமல் போய்விட மாட்டார்.

சமரச அலுவலர் தீர்ப்புச் சொல்வதில்லை. இது புரியாமல் வந்து, மூன்றாவது வாய்தாவில் "இவர் எதுவும் செய்ய மாட்டேங்கிறார்" என்று சலித்துக்கொள்பவர்கள் அதிகம். இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேச வைப்பதும், முடியாவிட்டால் அறிக்கை கொடுப்பதும்தான் அவர் வேலை. இங்கே வக்கீலுக்கு இடமில்லை. தொழிற்சங்க நிர்வாகி உடன் வரலாம். இது ஊழியருக்குச் சாதகம்தான். கம்பெனி வக்கீலின் ஆங்கிலத்துக்கு முன்னால் திணற வேண்டியதில்லை. ரிலீவிங் லெட்டர், நோட்டீஸ் சம்பளம், நீக்கத்தைக் களங்கம் இல்லாத வாசகத்தில் மாற்றி எழுதுவது போன்ற சின்னச் சின்ன விஷயங்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. மறுபடி வேலையே வேண்டும் என்றால் இது முதல் படி மட்டுமே.

எந்த அலுவலகம் என்பதைச் சரிபார்க்காமல் போவதும் உண்டு. கடை, ஐ.டி. நிறுவனம், தனியார் தொழிற்சாலைக்கு மாநிலத் தொழிலாளர் துறை. வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையரின் கிளை. சென்னையில் அது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது.

240 நாளைப் பற்றி ஒரு வார்த்தை. 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்துவிட்டால் யாராலும் அசைக்க முடியாது என்பது தொழிற்சங்க மேடைகளில் கேட்கிற பாட்டு. நீட்டிக்கப்பட்ட ப்ரொபேஷனில் இருப்பவர்கள் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒப்பந்தத்திலேயே உள்ள ஷரத்தின்படி ப்ரொபேஷனரை விடுவித்தால் அது ஆட்குறைப்பு ஆகாது, அதனால் 240 நாள் பாதுகாப்பும் அதற்கு வராது என்று எல்.ஐ.சி. ஊழியர் ஒருவரின் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விலக்கு புதிய தொகுப்பின் வரையறையிலும் இருக்கிறது. ஆகவே அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் ப்ரொபேஷன் பத்திதான் எல்லாவற்றுக்கும் மூலம். "எழுத்தில் கன்பர்ம் செய்யும்வரை ப்ரொபேஷன் நீடிக்கும்" என்று இருந்தால் காலம் கடந்ததால் மட்டும் நிரந்தரம் ஆகிவிட முடியாது. "ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம்வரை நீட்டிக்கலாம்" என்று உச்ச வரம்பு போட்டு, அதைத் தாண்டியும் வேலை வாங்கியிருந்தால், கன்பர்ம் ஆனதாகவே கொள்ள வேண்டும் என்ற வாதம் வலுவானது. 1968-இன் தரம் சிங் தீர்ப்பு அதற்கு அடிப்படை.

சிவில் கோர்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தனியார் வேலை ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி அங்கே உத்தரவு வாங்க முடியாது. கிடைத்தால் இழப்பீடு, அதுவும் பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு நின்றுவிடும். போதாக்குறைக்கு, "வழக்கு மும்பையில் மட்டும்தான்" என்பது போன்ற ஒப்பந்த ஷரத்து செல்லும் என்று தனியார் வங்கி ஊழியர்கள் விஷயத்தில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கைக்கு வரும் தொகையைவிட ரயில் டிக்கெட் அதிகமாகிவிடும்.

எந்தக் கவுன்டருக்குப் போனாலும் கெடுவது எங்கே

ராஜினாமாவில்தான். "டெர்மினேஷன் என்றால் உங்கள் எதிர்காலம் கெடும், நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, நல்லபடியா ரிலீவிங் தர்றோம்" என்பார்கள். போர்ட்டலில் அந்த பட்டனை அழுத்திய நொடியில் "நீக்கம்" என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. 41ஆம் பிரிவும் இல்லை, தகராறும் இல்லை. கட்டாயத்தின் பேரில் செய்தேன் என்று பிறகு நிரூபிப்பது மலையைக் கிள்ளுவது மாதிரி. ஏற்கெனவே அழுத்திவிட்டால், நிர்வாகம் ஏற்றுக்கொள்வதற்கு முன்பே, அன்றே, சொந்த மெயிலிலிருந்து "இன்று மாலை நடந்த கூட்டத்தில் வற்புறுத்தப்பட்டதால் கொடுத்தது, வாபஸ் பெறுகிறேன்" என்று நேரம், அறையில் இருந்தவர்களின் பதவி ஆகியவற்றோடு அனுப்ப வேண்டும். மறுநாள் அதையே விரைவுத் தபாலில் பதிவு வசதி சேர்த்து அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மெயில் அணுகல். கூட்டம் முடிந்து இருக்கைக்குத் திரும்புவதற்குள் லாகின் முடக்கப்படுவது சகஜம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவு, மதிப்பீட்டு அறிக்கை என்று தன் பெயரில் உள்ளவற்றை வேலை இருக்கும்போதே இறக்கி வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் வாடிக்கையாளர் கோப்புகளையும் சேர்த்துச் சொந்த மெயிலுக்குத் தள்ளிவிட்டால், அதுவரை இல்லாத ஒழுங்கீனக் காரணத்தை நீங்களே தங்கத்தட்டில் வைத்துக் கொடுத்தது போலாகும்.

செட்டில்மென்ட் தாளில் "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கும். பணம் வாங்குவதில் தவறில்லை. கையெழுத்துக்கு மேலே "என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதித் தேதி போட வேண்டும். எழுத விடவில்லை என்றால் அன்றே மெயில். ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, நீக்கப்பட்டாலும் ராஜினாமா செய்தாலும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். "45 நாள் ப்ராசஸ்" என்பது கம்பெனி வழக்கம், சட்டம் அல்ல. அந்தப் பாக்கிக்குத் தனி மனு போட மூன்று வருஷ அவகாசம் உண்டு என்பதால், 41ஆம் பிரிவின் 30 நாளை அதற்காகச் செலவழிக்க வேண்டாம். ஒரே நீக்கத்துக்கு மேல்முறையீட்டையும் சமரசத்தையும் சேர்த்து ஓட்டுவதும் வேண்டாம். எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபணையே அதுவாகத்தான் இருக்கும்.

கர்ப்பமாக இருப்பவருக்குக் கணக்கு வேறு. பேறுகாலப் பலனுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், ப்ரொபேஷனா இல்லையா என்பது பொருட்டில்லை. பேறுகால விடுப்பில் இருக்கும்போது நீக்குவது சட்டவிரோதம். விடுப்பு கேட்ட மெயிலுக்கும் நீக்கக் கடிதத்துக்கும் இடையே எத்தனை நாள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் வருடச் சட்டம் வழி செய்கிறது. கூப்பிட வேண்டிய எண் 15100. கூப்பிடும்போது நீக்க உத்தரவு கைக்கு வந்த தேதியை முதலில் சொல்லிவிடுங்கள். 30 நாளில் எத்தனை மிச்சம் என்று தெரிந்தால்தான் எந்த மனுவை முதலில் எழுதுவது என்று அவர்களால் முடிவு செய்ய முடியும்.